பாஸ்தா தட்டுல தண்ணி நிக்குதா? அது எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க

தக்காளி சாஸ்ல பாஸ்தா செஞ்சு தட்டுல போட்டப்ப நல்லாதான் இருக்கும், ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பாத்தா பாஸ்தா வெளிறிப் போய் மேல கிடக்கும், அடியில சிவப்பா தண்ணி தனியா ஓடிட்டு இருக்கும். இதுக்கு நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்ற ஒரே வழி, கார்ன்ஃப்ளார் ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்துங்க, கெட்டி ஆயிடும். எங்க அண்ணி கூட வாட்ஸப்ல ஃபோட்டோ அனுப்பி, எத்தனை ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போடணும்னு தான் கேட்டாங்க. நான் அண்ணிகிட்ட சொன்னது, கார்ன்ஃப்ளாரை எடுத்து உள்ள வைங்க, அந்த தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாப்போம்னு. ஏன்னா தண்ணி மூணு இடத்துல இருந்து வரும், தக்காளில இருந்து, பாஸ்தாவுல இருந்து, கூட போடுற காய்ல இருந்து. எந்த தண்ணின்னு தெரிஞ்சுட்டா மருந்து ரொம்ப சுலபம், தெரியாம மாவு போட்டா தண்ணி அங்கயேதான் இருக்கும், ருசி மட்டும் போயிடும்.

எனக்கு இதை ஒழுங்கா புரிய வச்சது எங்க மாடி வீட்ல குடியிருந்த ஒரு தம்பி, ஒரு பெரிய ஹோட்டல் கிச்சன்ல வேலை. லீவு நாள்ல கீழ வந்து எங்க பசங்களுக்கு ஏதாவது செஞ்சு குடுப்பான். அவன் சாஸ் பண்றப்போ முக்கால்வாசி நேரம் ஒண்ணுமே பண்ண மாட்டான், அகலமான கடாய்ல தக்காளியைப் போட்டுட்டு அப்பப்ப கிளறிட்டு நிப்பான், அவ்வளவுதான். "அக்கா, தக்காளி தண்ணி ஆவியாதான் போகணும், வேற எதைப் போட்டும் அதை மறைக்க முடியாது"ன்னு சொல்லுவான். அதுக்கப்புறம் எங்க வீட்ல பாஸ்தான்னா இந்த முறைதான், சனிக்கிழமை ராத்திரி ஆனாலும் ஸ்கூல் டப்பா ஆனாலும் ரெண்டுக்கும்.

முதல்ல தக்காளி. நூறு கிராம் தக்காளில 94 கிராம் கிட்ட வெறும் தண்ணி. அப்ப ஒரு கிலோ வாங்கிட்டு வந்தீங்கன்னா அதுல சதைன்னு இருக்கறது 60 கிராம் சுமார்தான், மிச்சம் எல்லாம் தண்ணி, அதுல பாதியாவது ஆவியா போனாதான் அது சாஸ். நான் வச்சிருக்க கணக்கு ஒரு கிலோ தக்காளி வத்தி அரை கிலோ ஆகணும், அது நாலு பேருக்கு, அதாவது 400 கிராம் பாஸ்தாவுக்கு சரியா இருக்கும். இதுக்கு அகலமான கடாய்ல, பெரிய பர்னர்ல, 25 நிமிஷமாவது ஆகும். நிறைய பேர் பத்து நிமிஷத்துல தக்காளி மசிஞ்சதைப் பாத்துட்டு வெந்துடுச்சுன்னு நிறுத்திடுறாங்க. மசியறது வேற வத்தறது வேற, இந்த ஒண்ணு புரிஞ்சா பாதி பிரச்சனை தீந்துச்சு. நம்ம தக்காளி தொக்கு பண்றப்ப மசிஞ்ச உடனே இறக்கிடுவோமா? ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் நிப்போம்ல, எண்ணெய் எதுக்கு பிரியுதுன்னா உள்ள இருந்த தண்ணி போயிடுச்சு, அதான் அடையாளம். பாஸ்தா சாஸுக்கும் அதே அடையாளம்தான், தொக்கு அளவுக்கு சுருள வேண்டாம், ஓரத்துல லேசா எண்ணெய் மினுக்க ஆரம்பிச்சா போதும். தொக்கு பண்ணத் தெரிஞ்ச யாருக்கும் இந்த சாஸ் கஷ்டமே இல்ல, அதனாலதான் இதைத் தண்ணியா சாப்பிடறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்ல.

பாத்திரம் ரொம்ப முக்கியம். குழம்பு வைக்கிற உயரமான பாத்திரத்துல வச்சா மேல் பரப்பு கம்மி, ஒரு மணி நேரம் ஆனாலும் அப்படியே கொதிச்சிட்டு இருக்கும். அகலமான கடாய், இல்ல பிரியாணி பண்ற அடி கனமான அகலப் பாத்திரம் எடுங்க. குக்கர் வேண்டவே வேண்டாம், தக்காளி வெங்காயம் பூண்டு எல்லாம் போட்டு ரெண்டு விசில் விட்டா வேலை சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா குக்கர் மூடி தண்ணியை வெளிய விடாது, திறந்து பாத்தா போட்டதை விட தண்ணியா தெரியும். அப்படி வச்சிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், கடாய்ல மாத்தி வத்த விடுங்க. மூடி போடறதும் அப்படித்தான். அடுப்பைச் சுத்தி சிவப்பா தெறிக்குதேன்னு மூடிடுறாங்க, ஆவி மூடில பட்டு தண்ணியா திரும்ப உள்ளயே விழும். நான் பண்றது, ஒரு மரக் கரண்டியை கடாய் மேல குறுக்க வச்சு அது மேல மூடியை சாய்ச்சு வச்சிடுவேன், தெறிக்கறதும் கம்மி, ஆவியும் போகும். இல்ல பெரிய கம்பி வலை வடிகட்டி இருந்தா அதைக் கவுத்து வச்சிடலாம்.

இப்ப அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். வேக வைக்காத தக்காளியை மிக்ஸில அரைச்சு அதை கடாய்ல ஊத்தறது நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம், ஆனா பாஸ்தா சாஸ் தண்ணியா பிரியறதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். தக்காளில பெக்டின்னு ஒண்ணு இருக்கு, ஜாம் கெட்டியாகறதுக்கு காரணமான அதே பெக்டின், அதுதான் தக்காளிச் சாறைப் பிடிச்சு வச்சு கெட்டியா காட்டுது. தக்காளியை வெட்டினாலோ அரைச்சாலோ அதுலயே இருக்க என்சைம்கள் வெளிய வந்து இந்த பெக்டினை உடைக்க ஆரம்பிச்சிடும். 85, 90 டிகிரி சூட்டுக்கு மேல போனாதான் அந்த என்சைம் அடங்கும். அதனால பச்சையா அரைச்சு வச்சிட்டு பத்து நிமிஷம் வெங்காயம் வதக்கிட்டு இருந்தீங்கன்னா அதுக்குள்ள உள்ள வேலை நடந்துட்டு இருக்கும், அப்புறம் எவ்வளவு கொதிக்க விட்டாலும் கூழ் ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கமா பிரியும். தக்காளி பேக்டரிலயும் இதே கணக்குதான், கெச்சப், சாஸுக்குன்னா நசுக்கின உடனே வேகமா சூடு ஏத்திடுவாங்க, ஜூஸுக்குன்னா கம்மி சூட்டுல பண்ணுவாங்க. வீட்ல எப்படி பண்றதுன்னா, கடாய் நல்லா சூடா இருக்கப்ப தக்காளியை ரெண்டா வெட்டின உடனே அதுல போட்டு முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் மூடி வச்சு வேகமா சூடு ஏத்திடுங்க, அதுக்கப்புறம் மூடியை எடுத்துட்டு வத்த விடுங்க, தோலு தானா கழண்டு வரும், இடுக்கியால எடுத்துப் போட்டுடலாம். நைஸா வேணும்னா கொஞ்சம் ஆற விட்டு அப்புறம் மிக்ஸில ஒரு சுத்து விடுங்க, வெந்த பிறகு அரைக்கறது பிரியாது. எங்க வீட்ல மத்து வச்சு கடைஞ்சிடுவோம், அது போதும்.

தக்காளி எது வாங்கறதுன்னு கேட்டா, பெங்களூர் தக்காளி. கோயம்பேடுல இருந்து தெருமுனை தள்ளுவண்டி வரைக்கும் ரெண்டு ரகமும் கிடைக்குது, நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அருமை, புளிப்பும் சாறும் அதிகம், ஆனா சாஸுக்கு சதைப்பத்தா இருக்க பெங்களூர் தக்காளிதான் சீக்கிரம் வத்தும். இத்தாலில சாஸுக்கு சான் மார்சானோன்னு நீளமா, சதை அதிகமா, விதை கம்மியா இருக்க ரகத்தைத்தான் கொண்டாடறாங்க, காரணம் இதேதான். பெங்களூர் மட்டும் போட்டா கொஞ்சம் சப்புன்னு இருக்கும், அதனால முக்கால் கிலோ அது, கால் கிலோ நாட்டுத் தக்காளி, இதுதான் எனக்குப் பிடிச்ச கலவை. நல்லா செவந்து கை வச்சா லேசா அமுங்கணும், பாதி பச்சையா இருக்கறதை வாங்கினா வெளிய ரெண்டு நாள் வச்சு பழுக்க விடுங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. விதையைப் பிழிஞ்சு எடுத்துடுங்க தண்ணி கம்மி ஆகும்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, விதையைச் சுத்தி இருக்க அந்த ஜெல்லிலதான் ருசி அதிகம், அதைத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் ருசிக்காக எதையெதையோ கொட்டறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் அடுப்புல விடலாம்.

2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு குடுத்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல ஒரு கிலோ போட்டு வத்த விட யாருக்கும் மனசு வராது. அப்ப பாக்கெட் ப்யூரி வாங்கலாம். ஆனா ப்யூரி வேற பேஸ்ட் வேற, கவனிச்சு வாங்கணும். நம்ம நாட்டு உணவு விதிப்படி ப்யூரில தண்ணி போக மிச்சம் இருக்க தக்காளிச் சத்து குறைஞ்சது 9 சதவீதம், பேஸ்ட்ல குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும். அதாவது ப்யூரி நம்ம வீட்ல இன்னும் முழுசா வத்தாம பாதி வழில இருக்க தக்காளி அளவுதான், அதையும் ஒரு பத்து நிமிஷம் வத்த விடணும். பேஸ்ட் அப்படி இல்ல, வெங்காயம் பூண்டு வதங்கின உடனே எண்ணெய்லயே ஒரு ஸ்பூன் பேஸ்ட் போட்டு ரெண்டு மூணு நிமிஷம், கலர் கொஞ்சம் கருஞ்சிவப்பா மாறற வரைக்கும் வதக்கிட்டு அப்புறம் தக்காளி போட்டா சாஸுக்கு உடம்பே வேற மாதிரி வரும். அவசரத்துக்கு மாவு போடறதுக்கு பதிலா என்னோட முதல் சிபாரிசு இந்த பேஸ்ட்தான். கெச்சப் ஊத்தறவங்க இருக்காங்க, கெட்டியாகும் வாஸ்தவம்தான், ஆனா அதுல சர்க்கரையும் வினிகரும் அதிகம், சாஸ் முழுக்க இனிச்சுப் போகும்.

அடுத்தது பாஸ்தா. இங்க ரெண்டு விதமா தண்ணி வருது. ஒண்ணு வடிக்கறப்ப சரியா வடியாம வர்றது, பென்னே, மக்ரோனி மாதிரி குழாய் வடிவத்துக்குள்ள தண்ணி நின்னுடும், வடிதட்டுல கொட்டி நல்லா நாலு குலுக்கு குலுக்கணும். இன்னொண்ணு, வடிச்சு முடிச்ச உடனே குழாய்ல காமிச்சு பச்சைத் தண்ணில அலசறது. நூடுல்ஸ் ஒட்டாம இருக்க அப்படி பண்ணிப் பழகி அதையே பாஸ்தாவுக்கும் பண்றாங்க. அலசினா மேல இருக்க மாவுச்சத்து முழுக்க போயிடும், அந்த மாவுச்சத்துதான் சாஸைப் பிடிச்சு வைக்கும், அது இல்லன்னா சாஸ் வழுக்கி கீழதான் போகும். வடிச்ச பாஸ்தால எண்ணெய் பிசிறி வைக்கறதும் இதே கேடுதான், எண்ணெய் பூசின பாஸ்தால சாஸ் ஒட்டாது. ஆறின பாஸ்தால சாலட் பண்றதுன்னா அலசலாம், சாஸுக்கு வேண்டாம். சாஸ் ரெடி ஆன பிறகு பாஸ்தாவை வேக வச்சா ஒட்டிக்கும்ங்கற பயமே வராது, வடிச்ச கையோட சாஸ்ல போயிடும். முதல்ல பாஸ்தாவை வேக வச்சு ஓரமா வச்சிட்டு அப்புறம் வெங்காயம் நறுக்க உக்காந்தாதான் இந்த எண்ணெய், அலசல் எல்லாம் தேவைப்படுது, வரிசையை மாத்தினாலே போதும்.

பாஸ்தா வேக வைக்க இத்தாலிக்காரங்க சொல்ற கணக்கு நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணி, பத்து கிராம் உப்பு. நான் தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு முக்கால் லிட்டர் வைக்கிறேன், உப்பையும் அதே அளவுக்கு குறைச்சுக்கறேன், தண்ணி குறைஞ்சா அதுல மாவுச்சத்து அடர்த்தியா சேரும், அது அப்புறம் உதவும். பாக்கெட்ல போட்டிருக்க நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துடணும், கடிச்சா நடுவுல கொஞ்சம் நறுக்குன்னு இருக்கணும். வடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பெரிய டம்ளர் நிறைய அந்த வெந்த தண்ணியை எடுத்து வச்சுக்கோங்க. இதை மறக்காம இருக்க வடிதட்டுக்குள்ளயே டம்ளரை வச்சிடுங்க, வடிக்கப் போறப்ப கண்ல படும்.

இப்ப சொல்றதைக் கேட்டா முரணா இருக்கும். வத்தின சாஸ்ல பாதி வெந்த பாஸ்தாவைப் போட்டு, அந்த வெந்த தண்ணில ஒரு குழிக் கரண்டி ஊத்தி, அடுப்பை நல்லா ஏத்தி வச்சு ரெண்டு நிமிஷம் விடாம புரட்டணும். தண்ணியா இருக்கக் கூடாதுன்னுதான இவ்வளவு பாடு, மறுபடி தண்ணி ஊத்தச் சொல்றீங்களேன்னு அண்ணியும் கேட்டாங்க. ஆனா இது வெறும் தண்ணி இல்ல, மாவுச்சத்து கலந்த தண்ணி, அது எண்ணெயையும் தக்காளிச் சாறையும் பிரிய விடாம ஒண்ணா பிடிச்சு வைக்கும். அதே நேரத்துல முழுசா வேகாத பாஸ்தா சாஸ்ல மிச்சம் இருக்க ஈரத்தை உள்ள இழுத்துக்கும், சாஸோட ருசியும் உள்ள போகும். ரெண்டு நிமிஷம் புரட்டினீங்கன்னா சாஸ் பளபளன்னு ஒவ்வொரு பாஸ்தா மேலயும் ஒட்டிட்டு இருக்கறதை நீங்களே பாப்பீங்க. இந்த ஸ்டெப்பை யாரும் விடக் கூடாதுன்னு நான் ஆசைப்படறேன், தட்டுல வெறும் பாஸ்தா வச்சு மேல சாஸை ஊத்தறது பாக்க அழகா இருக்கும், ஆனா தண்ணி பிரியறது அங்கதான் தொடங்குது. அடுப்பை அணைச்ச பிறகு ஒரு ஸ்பூன் வெண்ணெயோ ஆலிவ் ஆயிலோ, துருவின சீஸோ போட்டு இன்னொரு தடவை புரட்டினா இன்னும் நல்லா பிடிக்கும். பார்மேசான்ங்கற இத்தாலி சீஸ் கட்டாயம் இல்ல, நம்ம சாதாரண அமுல் சீஸே அழகா கரையும், அப்ப உப்பை மட்டும் பாத்துப் போடுங்க. பாஸ்தா வாங்கறப்ப பாக்கெட்ல டியூரம் வீட்னு, அதாவது பாஸ்தாவுக்குன்னு இருக்க கெட்டியான கோதுமை ரகம்னு இருக்கான்னு பாருங்க, மைதா கலந்ததுன்னா புரட்டறப்பவே குழைஞ்சு உடைஞ்சிடும்.

மூணாவது காய். இங்க நம்ம வீடுகள்ல பாஸ்தான்னா காய் இல்லாம இருக்காது, பசங்க காய் சாப்பிட அதான் வழி. காளான்ல 92 சதவீதம் தண்ணி, குடமிளகாய்ல 94 சதவீதம் கிட்ட, வெள்ளரிக்காய் மாதிரி இருக்க சுக்கினி அதுக்கும் மேல. பச்சையா சாஸ்ல போட்டீங்கன்னா அவ்வளவும் சாஸ்லதான் இறங்கும், நீங்க அரை மணி நேரம் நின்னு வத்த விட்டது வீணா போச்சு. தனியா ஒரு தவாவுல, நல்ல சூட்டுல, கொஞ்சம் கொஞ்சமா போட்டு வதக்கி எடுங்க, ஒரேயடியா குவிச்சா வதங்காது, அவிஞ்சு போகும். காளான் முதல்ல தண்ணி விடும், அது முழுக்க சுண்டி ஓரம் செவக்கற வரைக்கும் விடணும், உப்பு கடைசில. சிக்கன் கீமாவும் அதே மாதிரி தனியா தண்ணி வத்தி பழுப்பாகற வரைக்கும். ஃப்ரோசன் பட்டாணின்னா வெந்நீர்ல போட்டு வடிச்சு துணில ஒத்தி எடுத்துப் போடுங்க. எல்லாத்தையும் பாஸ்தா புரட்டற அந்த கடைசி ரெண்டு நிமிஷத்துல சேத்தா போதும்.

சாஸ் சரியா வந்துச்சான்னு பாக்க ரெண்டு வழி. கரண்டியால கடாய் அடியில ஒரு கோடு இழுங்க, கோடு ஒரு ரெண்டு செகண்ட் அப்படியே நிக்கணும், உடனே மூடிட்டா இன்னும் வத்தணும். இன்னொண்ணு, ஒரு ஸ்பூன் சாஸை வெள்ளைத் தட்டுல வச்சு ஒரு நிமிஷம் விடுங்க, சுத்தி தண்ணி வளையம் மாதிரி வந்தா தண்ணி இன்னும் இருக்கு. இந்தத் தட்டு டெஸ்ட் மாடி வீட்டுத் தம்பி காமிச்சது, இப்ப என் அக்கா பொண்ணு கூட "சித்தி, தட்டுல வச்சுப் பாத்தாச்சா"ன்னு கேக்கற அளவுக்கு எங்க குடும்பத்துல பழகிடுச்சு.

கார்ன்ஃப்ளார் ஏன் வேண்டாம்ங்கறேன்னா, தக்காளி புளிப்புல ரொம்ப நேரம் கொதிச்சா மாவோட பிடிப்பு விட்டுப் போகும், ஆறினா கொழகொழன்னு ஆகும், தக்காளி ருசியும் மங்கிடும். வொயிட் சாஸ் கதை வேற, அங்க மாவுதான் ஆதாரம். ஒரு கப் பாலுக்கு ஒண்ணரை டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ரெண்டு டேபிள்ஸ்பூன் மைதா, பச்சை வாசனை போற வரை வறுத்து பால் ஊத்தி கொதி வர விட்டா கெட்டியாகும், அதுவும் தண்ணியானா பெரும்பாலும் ஈரத்தோட போட்ட காய்தான் காரணம்.

ஸ்கூல் டப்பாவுக்கு குடுத்து விடறவங்க ஒண்ணு கவனிங்க. காலைல ஏழு மணிக்கு கொதிக்க கொதிக்க டப்பால போட்டு மூடினா ஆவி மூடில வேர்த்து உள்ளயே சொட்டும், மதியம் பிள்ளை திறக்கறப்ப மேல தண்ணியா இருக்கும், அடியில பாஸ்தா ஊறிப் போய் இருக்கும். தட்டுல பரப்பி ஃபேன் கீழ பத்து நிமிஷம் ஆற விட்டு அப்புறம் டப்பால போடுங்க. பாஸ்தா நேரம் ஆக ஆக சாஸை இழுக்கும், அதனால டப்பாவுக்குன்னா சாஸ் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும், ஸ்பாகெட்டிய விட பென்னே, ஃபுசில்லி மாதிரி குட்டையா இருக்கறது நல்லது.

நான் ஞாயித்துக்கிழமை தக்காளி நல்லா பழுத்து மலிவா கிடைச்சா ரெண்டு கிலோவா போட்டு வத்த விட்டு, ஆற வச்சு, சின்ன டப்பாக்கள்ல ஃப்ரீசர்ல போட்டுடுவேன். வெளிய எடுத்து உருகறப்ப கொஞ்சம் தண்ணி பிரிஞ்சு நிக்கும், பயப்பட வேண்டாம், கடாய்ல போட்டு அஞ்சு நிமிஷம் மூடாம கொதிக்க விட்டா பழையபடி சேந்துடும். கார்ன்ஃப்ளார் போட்ட சாஸை மட்டும் ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உருகினா தண்ணியா பிரிஞ்சு திரிஞ்ச மாதிரி ஆயிடும்.